ஒரு வருஷம் பேசாமல் கிடந்தால் ரேடியோவுக்கு லைசென்ஸ் போய்விடும்

கேள்வி (தென்காசி வாசகர்): அமெரிக்காவில் இருக்கும் என் மகள் போனில் சொன்னாள், அங்கே ஏதோ ஒரு சின்ன ஊர் ரேடியோ நிலையம் ஒரு வருஷம் ஒலிபரப்பாமல் கிடந்ததாம், லைசென்ஸ் தானாகவே போய்விட்டதாம். நோட்டீஸ், விசாரணை எதுவும் கிடையாதா?

பதில்: உங்கள் மகள் சொன்னது சரிதான். அமெரிக்கத் தகவல் தொடர்புச் சட்டத்தில் 1996-ல் 312(ஜி) என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். தொடர்ந்து 12 மாதம் ஒரு நிலையத்திலிருந்து ஒலிபரப்பு வரவில்லை என்றால் அந்தக் கெடு முடிகிறபோதே லைசென்ஸ் காலாவதி. யாரும் ரத்து உத்தரவு போட வேண்டியதில்லை. அங்கே ரேடியோ, டிவிக்கு லைசென்ஸ் தருகிற ஆணையமான எஃப்சிசி அப்புறம் அனுப்புகிற கடிதம், முடிந்துபோனதைப் பதிவு செய்கிற கடிதம்தான்.

எனக்கு மனசு கஷ்டமாக இருப்பது வேறொரு இடத்தில். நிலையம் நின்றுபோனால் 10 நாளுக்குள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும், 30 நாளைத் தாண்டினால் மௌனமாக இருக்க அனுமதி கேட்க வேண்டும். கேட்டால் ஒரு தடவைக்கு 180 நாள் வரைக்கும் தருகிறார்கள். அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது, ஏனென்றால் அந்த அனுமதி 12 மாதக் கடிகாரத்தை ஒரு நிமிஷம்கூட நிறுத்தி வைக்காது. அரசாங்கமே அனுமதி தந்திருக்கிறதே என்று நம்பி இருக்கிற சின்ன முதலாளிக்கு இதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது? 2004-ல் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தி, நியாயம் இருந்தால் ஆணையம் நீட்டித்துத் தரலாம் என்று எழுதினார்கள். ஆனால் தன் கையை மீறிய காரணம் என்று நிரூபித்தால்தான் பெரும்பாலும் பலிக்கிறது, பணமில்லை என்று போய் நின்றால் வேலைக்கு ஆகாது.

கேள்வி (திருச்சி வாசகி): ஒரு வருஷம் முழுக்கவா சரி செய்ய முடியாமல் போகும்? அப்படி என்ன கெட்டுப்போகும்?

பதில்: மத்திய அலை நிலையத்தின் டவரை நேரில் பார்த்தால் இப்படிக் கேட்க மாட்டீர்கள். எஃப்எம்முக்கு ஆன்டெனாவை உயரத்தில் கட்டிவிட்டால் போதும். மத்திய அலையில் டவரே ஆன்டெனா, அடியிலிருந்து நுனி வரைக்கும் அந்த இரும்பு முழுக்க மின்சாரம் ஓடுகிறது, அதனால் அடியில் பீங்கான் இன்சுலேட்டர் வைத்து அதன்மேல் நிறுத்தியிருப்பார்கள். மண்ணுக்குள் இன்னொரு பாதி இருக்கிறது. டவரின் அடியிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி நாலா பக்கமும் செம்புக் கம்பி புதைத்திருப்பார்கள், முறைப்படி 120 கம்பி. 1240 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிற நிலையம் என்றால் ஒவ்வொரு கம்பியும் சுமார் 60 மீட்டர். மொத்தம் ஏழு கிலோமீட்டருக்கு மேல் செம்பு! செம்பு விற்கிற விலையில் திருடன் சும்மா விடுவானா?

அலபாமா மாநிலத்தில் ஜாஸ்பர் என்று ஒரு ஊர். அங்கே இதே 1240-ல் டபிள்யூஜேஎல்எக்ஸ் என்று ஒரு நிலையம். 2024 பிப்ரவரியில் புதர் வெட்டப் போனவர்கள் போன் செய்து டவரைக் காணோம் என்றார்கள். 200 அடி டவர். பிடித்திருந்த கம்பிகளை வெட்டி டவரையே கொண்டுபோய்விட்டார்கள், டிரான்ஸ்மிட்டரும் போய்விட்டது என்று நிலையத்தார் சொன்னார்கள். இன்சூரன்ஸ் கிடையாது. உலகம் முழுக்க இதை வேடிக்கைச் செய்தியாகப் போட்டார்கள், எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. அந்த ஊர்க்காரர்கள் அதே நிகழ்ச்சியை 101.5 எஃப்எம்மிலும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அது மத்திய அலையை வாங்கி மறுபடி ஒலிபரப்புகிற சின்ன டிரான்ஸ்மிட்டர், சட்டப்படி தாய் நிலையம் நின்றால் அதுவும் நிற்க வேண்டும். அதையாவது ஓட்டிக்கொள்கிறோம் என்று கேட்டதற்கு எஃப்சிசி முடியாது என்றுவிட்டது. எஃப்எம் கருவி நன்றாகத்தான் இருந்தது, கேட்க ஜனங்களும் இருந்தார்கள். விதி விதிதான் என்றாலும், புது டவர் எழும்பும் வரை அதைத் தொடர விட்டிருக்கலாம் என்பதுதான் என் கருத்து.

டவர் திருட்டு அபூர்வம். மற்றபடி இடி விழுந்து கருவி எரிந்துபோவது, கரண்ட் பில் கட்ட முடியாதது, முதலாளி இறந்து பிள்ளைகளுக்கு அக்கறை இல்லாதது, டவர் நிற்கிற இடத்தை வீட்டுமனைக்கு விற்பது, இவைதான் வழக்கம். இடத்தை விற்றால் இன்னொரு இடம் பார்த்து, அங்கே கட்ட அனுமதி வாங்கி, டவர் எழுப்பி முடிப்பதற்குள் ஒரு வருஷம் ஓடியே போய்விடும்.

கேள்வி (கோவை வாசகர்): வருஷத்தில் ஒரே ஒரு நாள் பாட்டுப் போட்டுவிட்டு மறுபடி மூடிவிட்டால் லைசென்ஸ் தப்பித்துவிடுமே?

பதில்: தப்பிக்கும், நிறையப் பேர் அப்படித்தான் ஓட்டினார்கள். ஆனால் 8 வருஷத்துக்கு ஒரு முறை லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும், அப்போது எத்தனை நாள் ஒலிபரப்பினாய் என்று ஆணையம் கேட்கும். பதில் சரியில்லை என்றால் குறைந்த காலத்துக்கே புதுப்பிக்கும், இல்லாவிட்டால் விசாரணைக்கு அனுப்பும். அவசரத்துக்கு வேறு எங்காவது ஒரு ஆன்டெனாவை நட்டு ஒப்பேற்றவும் முடியாது. அனுமதியில்லாத இடத்திலிருந்து செய்த ஒலிபரப்பு ஒலிபரப்பே அல்ல என்று டெக்சாஸ் நிலையம் ஒன்றின் வழக்கில் 2009-ல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

இந்த விஷயத்தில் நான் ஆணையத்தின் பக்கம். அலைவரிசை பொதுச் சொத்து. ஊருக்கு ஒரு வார்த்தை சொல்லாமல், நல்ல விலை வரட்டும் என்று பூட்டிவைத்திருப்பவரிடமிருந்து அதைப் பிடுங்கத்தான் வேண்டும். டவர் விழுந்து நிமிரப் பார்க்கிறவரையும் இவரையும் ஒரே கடிகாரத்தால் அளப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கேள்வி (தென்காசி வாசகரே மறுபடி): போன லைசென்ஸை வேறு யாராவது வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: முடியாது, விற்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை. யாருக்காவது வேண்டுமானால் ஆணையம் எப்போது புது விண்ணப்பம் கேட்கிறது என்று காத்திருக்க வேண்டும், மத்திய அலைக்கு அது அடிக்கடி வராது. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே உள்ள நிலையங்களின் பெயர் பெரும்பாலும் 'டபிள்யூ'வில் தொடங்கும், மேற்கே 'கே'. லைசென்ஸ் போனதும் ஆணையத்தின் பதிவேட்டில் அந்தப் பெயருக்கு முன்னால் 'டி' என்று ஒரு எழுத்தைச் சேர்த்துவிடுகிறார்கள்.