சூப்பர்மூனும் தியானமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நிலா வழக்கத்தைவிட பூமிக்கு நெருங்கி வரும் பௌர்ணமியான சூப்பர்மூன் அன்று தியானம் செய்தால் பல மடங்கு பலன் என்று எங்கள் தியானக் குழுவில் சொல்கிறார்கள். கடலையே இழுக்கும் நிலா, பெரும்பாலும் நீராலான நம் உடலை இழுக்காதா என்பது வாதம். போன முறை நானும் உட்கார்ந்தேன். மனம் நிஜமாகவே அடங்கியது. இதற்கு ஆன்மிகப் பொருள் உண்டா?

ர.

அன்புள்ள ர.,

மனம் அடங்கியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்குச் சொல்லப்படும் காரணத்தில்தான் சந்தேகம்.

முதலில் அந்த நீர்க் கணக்கு. நிலவைப் பார்த்த பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் நடுவே பூமி 12,700 கிலோமீட்டர் அகலம். அதனால் இரு பக்கமும் இழுபடும் அளவு மாறுகிறது; ஓதம், அதாவது கடல்மட்டம் ஏறி இறங்குவது, அந்த வித்தியாசத்தால். ஆறடி மனிதனின் தலைக்கும் காலுக்கும் நடுவே என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடும்?

அப்புறம், சூப்பர்மூன் என்று தனியாகப் பிரித்தவர் ரிச்சர்ட் நோல் என்ற அமெரிக்க ஜோதிடர், 1979-ல். நிலா கிட்டத்தில் சுமார் 3,57,000 கி.மீ., தொலைவில் சுமார் 4,06,000 கி.மீ. என்று எப்போதும் நெருங்கியும் விலகியும்தான் சுற்றுகிறது. இந்த ஏற்ற இறக்கம் பழைய வானியலாளர்களுக்கும் தெரியும். ஆனால் புத்த பௌர்ணமிக்கோ, யூதர்களின் பாஸ்காவுக்கோ, ஈஸ்டருக்கோ நாள் குறித்தவர்கள் நிலா நிறைந்துவிட்டதா என்றுதான் பார்த்தார்கள். எவ்வளவு கிட்டத்தில் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. தேய்ந்து, இல்லாமலே போய், மறுபடி கீற்றாக வருவதில்தான் மனிதர்கள் சாவையும் பிறப்பையும் நிறைவையும் கண்டார்கள். அது யார் கண்ணுக்கும் தெரியும். சூப்பர்மூனின் நெருக்கம் அப்படித் தெரிவதில்லை. மிகத் தொலைவில் வரும் பௌர்ணமியைவிட அதிகபட்சம் 14 சதவீதம் பெரிது, அவ்வளவுதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவா முடியும்?

அடிவானத்தில் பெரிதாகத் தெரிவது வேறு சங்கதி. எல்லாப் பௌர்ணமிக்கும் உண்டு. கையை நீட்டிச் சுண்டுவிரல் நகத்தை அதன்மேல் வையுங்கள், மறைந்துவிடும். உச்சிக்கு ஏறியபின்னும் வைத்துப் பாருங்கள், அதே நகம் போதும். சொல்லப்போனால் உச்சியில் இருக்கும்போதுதான் நமக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் கிட்டத்தில் இருக்கிறது.

நெருங்கி வருவதையே ஒரு குறியீடாக எடுத்துக்கொள்வதில் தப்பில்லை. சரி, ஒரு காரியம் செய்யுங்கள். அமாவாசையிலும் நிலா இதேபோல் நெருங்கி வருவதுண்டு. நோலின் கணக்கில் அதுவும் சூப்பர்மூன்தான். அன்றும், நிலா நெருங்காத ஏதாவதொரு சாதாரண நாளிலும், அதே நேரம், அதேபோல் போனை அணைத்துவிட்டு உட்காருங்கள். இரண்டு நாளும் மனம் அடங்கினால் குழுவில் போய்ச் சொல்லுங்கள். என்ன பதில் வருகிறது என்று எனக்கும் எழுதுங்கள்.