தினமும் ஓட்டும் காரில் டிராக் ஓட்டலாமா?

காலையில் தன் காரிலேயே சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு வந்து, மாலையில் அதிலேயே வீடு திரும்புகிறவர்கள் கேட்டவை இவை. நானும் பல வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறேன்.

வேளச்சேரி, போலோ: அண்ணா, ரோல் கேஜ் (காருக்குள் கட்டும் இரும்புக் குழாய்க் கூண்டு), பக்கெட் சீட் (உடம்பை இருபுறமும் அணைக்கும் ரேஸ் சீட்), நான்கு பட்டை ஹார்னஸ் (ரேஸ் பெல்ட்) மூன்றும் போட ஆசை. திங்கட்கிழமை ஆபீசுக்கும் இதே கார்தான்.

கேஜ் வேண்டாம் தம்பி. டிராக்கில் தலையில் ஹெல்மெட் இருக்கும், உடம்பை ஹார்னஸ் சீட்டோடு கட்டிப் பிடித்திருக்கும். ஓ.எம்.ஆர் ரோட்டில் இரண்டும் இருக்காது. பின்னாலிருந்து ஒரு வேன் இடித்தால் வெறும் மண்டை இரும்புக் குழாயில் போய் அடிக்கும். குழாய்மேல் சுற்றும் கெட்டி நுரைகூட ஹெல்மெட் போட்ட தலையை மனதில் வைத்துச் செய்ததுதான்.

ஹார்னஸ் மட்டும் போடலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். அதுவும் ஆபத்து. கம்பெனி பெல்ட், ஏர்பேக், சீட் மூன்றையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். மோதும்போது பெல்ட் முதலில் இறுகும், பிறகு கொஞ்சம் விட்டுக்கொடுத்து உங்களை ஏர்பேக்கில் சாய்க்கும். சாதாரண நான்கு பட்டை ஹார்னஸில் தோள்மேல் வரும் பட்டைகள் இடுப்புப் பட்டையை வயிற்றுக்கு இழுத்துவிடும், உடம்பு அடியில் வழுக்கும். அதைத் தடுக்கத்தான் ஆறு பட்டையில் தொடைகளுக்கு நடுவே இரண்டு பட்டை வருகிறது. அப்புறம் கழுத்து. தோள் அசையாமல் நிற்க, ஹெல்மெட் கனத்தோடு தலை முன்னால் பாயும். அதற்கு ஹான்ஸ், அதாவது ஹெல்மெட்டைப் பிடித்துக்கொள்ளும் கழுத்துக் காப்பு, வேண்டும். கார் உருண்டு கூரை அமுங்கினால், நிமிர்ந்தபடி கட்டுண்ட உடம்பு சாயவும் முடியாது. அதற்குத்தான் கேஜ்.

ஒன்றைப் போட்டால் எல்லாம் போட வேண்டும். எல்லாம் போட்ட கார் ரோட்டுக்கு ஆகாது, டிரெய்லரில்தான் வர வேண்டும். உங்களுக்குக் கம்பெனி பெல்ட்டும் நல்ல ஹெல்மெட்டும் போதும். பாதி செய்த பாதுகாப்பைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

கோவை, ஐ20: மூன்றாவது சுற்றிலேயே பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. பெரிய டிஸ்க் போடட்டுமா?

முதலில் பிரேக் ஆயிலை மாற்றுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 தான். கொதித்தால் குழாயில் ஆவி, பெடல் தரைக்குப் போகும். டாட் 5.1-க்கு 260, 180. டாட் 5 வேறு, அது சிலிகான். ஊற்றிவிடாதீர்கள்.

பிரேக் பேடு (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கட்டை) விஷயத்தில் முழு ரேஸ் பேடு வேண்டாம். சூடேறாமல் அது பிடிக்காது, காலையில் முதல் சிக்னலில் தெரியும். ரோட்டுக்கும் டிராக்குக்கும் பொதுவான பேடு கிடைக்கிறது. கடைசிச் சுற்றைப் பிரேக் அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் இழுக்காமல் கியரில் விடுங்கள்.

தாம்பரம், ஸ்விஃப்ட்: காயில்ஓவர் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-டேம்பர் செட்) போட்டுக் காரை இறக்கினேன். பள்ளிக்குப் போகும்போது பின்சீட்டில் மகள் குலுங்கிப்போகிறாள். டிராக்குக்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டுமா?

வேண்டாம் சகோதரி, டிராக்குக்கும் அது நல்லதில்லை. ஸ்பிரிங் அளவுக்கு மீறிக் கடினமானால் மேடு பள்ளத்தில் டயர் தரையை விட்டுத் தூக்கும். அந்த நொடியில் பிடிப்பு ஏது? அதிகம் இறக்கியிருந்தால் டேம்பர் (ஷாக் அப்சார்பர்) முழுதாக அமுங்கி அடிக்கட்டையில் இடிக்கும், திருப்பத்தில் கார் திடீரென வழுக்கும். கொஞ்சம் உயர்த்துங்கள், மென்மையான ஸ்பிரிங் போடுங்கள். மிச்சப் பணத்தில் நல்ல டயர்.

போரூர்: பைக் ஹெல்மெட் போதுமா? டிராக்கில் இடித்தால் இன்சூரன்ஸ் வருமா?

ஸ்னெல் எஸ்.ஏ. (கார் ரேஸ் ஹெல்மெட்டுக்கான தரச்சான்று) முத்திரை பாருங்கள். உள்துணி எளிதில் தீப்பிடிக்காது, பைக் ஹெல்மெட்டில் அது கட்டாயமில்லை. இன்சூரன்ஸ் வராது. ரேஸ், வேகச் சோதனை இரண்டும் விலக்கு என்று பாலிசியிலேயே எழுதியிருக்கும்.

அதே நண்பர்: வீடு திரும்பும் முன் என்ன பார்க்க வேண்டும்?

டயர் காற்று. டிராக்கில் சூடேறி அழுத்தம் கூடியதால் இறக்கியிருப்பீர்கள். ஆறியதும் அது ரோட்டுக்குக் குறைவு. ஏற்றுங்கள், வீல் நட்டுகளையும் ஒருமுறை டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்கிப் பாருங்கள்.