பிரைமரி சர்வர் படுத்துவிட்டது, இனி என்ன?

நம் மாவட்டத்தில் கடைகளிலும் சின்ன அலுவலகங்களிலும் போஸ்ட்கிரெஸ் (PostgreSQL) டேட்டாபேஸ் கிளஸ்டர் பார்த்துக்கொள்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பதிவுகளை எழுதும் முதன்மை சர்வர்தான் பிரைமரி; அதன் நகலாக நிற்பது ஸ்டாண்ட்பை அல்லது ரெப்ளிகா; ஸ்டாண்ட்பையைப் பிரைமரி ஆக்குவது புரமோட்.

மார்த்தாண்டம்: அண்ணே, காலையிலிருந்து பிரைமரிக்குப் பிங் போகவில்லை. ஸ்டாண்ட்பையை புரமோட் பண்ணிவிடலாமா?

பொறு தம்பி. பிங் போகவில்லை என்றால் உனக்குத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம், சர்வர் செத்துவிட்டது என்றல்ல. வடசேரியில் ஒரு ஜவுளிக்கடையில் நான் பட்ட பாடு இது. மாடி ஆபீஸ் ஸ்விட்ச்தான் போயிருந்தது. அது புரியாமல் ஸ்டாண்ட்பையை புரமோட் செய்தேன். கீழே கவுண்டர் பழைய பிரைமரியிலேயே பில் போட்டுக்கொண்டிருந்தது. சாயங்காலம் பார்த்தால் ஒரே நம்பரில் இரண்டு பில், ஒன்று வேட்டிக்கு, இன்னொன்று பட்டுச்சேலைக்கு. பில் கட்டைப் புரட்டிச் சரிபார்க்க இரண்டு ராத்திரி ஆயிற்று.

அதனால் முதலில் நேரில் போய் பழைய சர்வரின் பவர் கேபிளைப் பிடுங்கு. அப்புறம் புரமோட். கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும் செட்டிங் பயாஸில் இருந்தால் அதையும் எடுத்துவிடு. மழைக்காலத்தில் நம் ஊர் கரண்ட் போய்வரும் லட்சணத்துக்கு, பழையது நடுராத்திரியில் எழுந்து நானும் பிரைமரிதான் என்று நிற்கும்.

தக்கலை: புரமோட் முடிந்தது சார். பழைய சர்வர் ரிப்பேராகி வந்துவிட்டது. அப்படியே ஸ்டாண்ட்பையாகச் சேர்க்கலாமா?

அப்படியே வேண்டாம். சாகும் முன் அது எழுதிய கடைசிப் பதிவுகள் சில ஸ்டாண்ட்பைக்கு வராமல் போயிருக்கலாம். ரெப்ளிகேஷன் (நகலெடுப்பு) அசிங்க், அதாவது ஸ்டாண்ட்பைக்குப் போய்ச் சேரும்வரை பிரைமரி காத்திருக்காத முறை என்றால் இது சகஜம். பழைய சர்வரைப் புதிய பிரைமரியோடு ஒத்துப்போக வைக்கும் பிஜி ரீவைண்ட் (pg_rewind) ஓட்டினால் அந்தப் பதிவுகள் போய்விடும், எனவே பழைய டேட்டா டைரக்டரியை முதலில் காப்பி எடுத்து வையுங்கள். ரீவைண்டுக்கு டேட்டா செக்சம் (டேட்டா கெட்டதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) அல்லது வால் லாக் ஹின்ட்ஸ் (wal_log_hints) என்ற செட்டிங் முன்பே ஆனாக இருந்திருக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் 18-ஆம் பதிப்பில் புதிதாக உருவாக்கும் கிளஸ்டருக்கு செக்சம் தானாகவே வரும். இரண்டும் இல்லையென்றால் புதிதாக பேஸ் பேக்கப்தான், அதாவது புதிய பிரைமரியிலிருந்து முழு நகல்.

நாகர்கோவில்: அண்ணா, மாற்றியதும் பில் நம்பர் முப்பது சொச்சம் தாவிவிட்டது. ஆடிட்டர் கேட்கிறார், பில்கள் தொலைந்துவிட்டனவா?

பெரும்பாலும் இல்லை தங்கச்சி. வரிசை நம்பர் தரும் சீக்வென்ஸ் ஒவ்வொரு நம்பரையும் வாலில் (WAL, மாற்றங்களைப் பதியும் லாக்) எழுதுவதில்லை, 32 நம்பரை முன்கூட்டியே எழுதிவைக்கும். ஸ்டாண்ட்பை அந்தக் கணக்கிலிருந்து தொடர்வதால்தான் தாவல். இருந்தாலும் கடைசியாக அச்சடித்த பில்லோடு ஒத்துப்பாருங்கள், அசிங்கில் உண்மையாகவே ஒன்றிரண்டு போயிருக்கலாம். ஜிஎஸ்டி பில்லுக்கு நம்பர் வரிசையாக இருக்க வேண்டும் என்பதால், சீக்வென்ஸை நம்பாமல் கடைசி நம்பரை வைத்திருக்கும் ஒரு கவுண்டர் டேபிள் வைத்து, பில் சேரும் அதே டிரான்சாக்‌ஷனில் லாக் போட்டுக் கூட்டுங்கள். கொஞ்சம் மெதுவாகும், பரவாயில்லை.

குளச்சல்: சர்வர் இரண்டுதான் இருக்கிறது. பிரைமரி போனால் தானாக மாற பேட்ரோனி (Patroni) போடலாமா?

போடலாம், ஆனால் யார் பிரைமரி என்ற தகவலைப் பெரும்பான்மை ஒப்புதலோடு வைத்திருக்க அது நம்பியிருக்கும் ஈடிசிடிக்கு (etcd) மூன்று மெஷின் வேண்டும். இரண்டில் பெரும்பான்மை என்றால் இரண்டுமே. ஒன்று போனால் ஆட்டம் க்ளோஸ். மூன்றாவது சின்னப் பெட்டியாக இருந்தால் போதும், ஆனால் வேறு யுபிஎஸ்ஸில் வையுங்கள். 2017 ஓக்கி புயலுக்கு அப்புறம் நாட்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தது நினைவிருக்கும். முடிந்தால் ஒன்றை மாவட்டத்துக்கு வெளியே வைப்பது நல்லது.

குழித்துறை: ரெப்ளிகா இருக்கும்போது பேக்கப் எதற்கு?

யாராவது எந்தப் பதிவு என்று சொல்லும் வேர் (WHERE) கண்டிஷனை விட்டு டெலிட் அடித்தால் அதுவும் நொடியில் ரெப்ளிகாவுக்குப் போய்ச் சேரும். அதற்குத்தான்.