கடைசியாக ஆடுகிறவர்கள்

அன்புள்ள ஐயா,

வேலைக்காக ஒஹையோ வந்து நான்கு வருடமாகிறது. டிசம்பர் வந்தால் அலுவலகத்தில் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் பௌல் ஆட்டங்களைப் பற்றித்தான் பேச்சு. சீசன் முடிந்தபின் தேர்ந்தெடுத்த அணிகள் ஆடும் ஆட்டங்கள் இவை. நாற்பது ஆட்டங்கள் வரை வருகின்றன. சாம்பியனைத் தீர்மானிக்கும் ப்ளேஆஃப் மட்டும் போதும், மற்றதெல்லாம் விளம்பரக் கம்பெனிகளுக்காக நடப்பவை என்கிறார் நண்பர். நட்சத்திர வீரர்களும் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். பணத்துக்கு ஆசைப்பட்டு, பௌல் ஆட்டத்தில் ஆடாமல் அணியைக் கைவிடுகிறார்கள். இந்தச் சுயநலம் வெறுப்பைத் தருகிறது. எதைப் பார்ப்பது, எதை விடுவது?

ஆர்., கொலம்பஸ்

அன்புள்ள ஆர்.,

சில நாட்களாக இதே யோசனைதான் எனக்கும். ஆனால் ‘சுயநலம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் சும்மா விட முடியாது.

2016 ஜனவரி 1, ஃபியஸ்டா பௌல். நோட்ர டேம் பல்கலைக்கழக அணியில் ஜேலன் ஸ்மித் என்று ஒரு லைன்பேக்கர், தடுப்பாட்டக்காரர். என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் அந்த வருட டிராஃப்டில் முதல் ஐந்து பேருக்குள் வருவார் என்று பேசிக்கொண்டார்கள். ஆட்டத்தின் முதல் கால்பகுதியிலேயே முழங்கால் ஜவ்வு கிழிந்தது, நரம்பும் பாதிக்கப்பட்டது. 34ஆவது ஆளாகத்தான் அவரை எடுத்தார்கள். முதல் சீசன் முழுக்க ஆட முடியவில்லை. அன்று எதிரே ஆடியது உங்கள் ஊர் ஒஹையோ ஸ்டேட். அதே ஆண்டு டிசம்பரில் லெனர்ட் ஃபோர்னெட், கிறிஸ்டியன் மெக்காஃப்ரி என்ற இரண்டு நட்சத்திர வீரர்கள் பௌல் ஆட்டம் வேண்டாம் என்றார்கள். இருபது, இருபத்தோரு வயதுப் பிள்ளைகள். தன் பெயரைப் போட்டு ஒரு விளம்பரத்தில் நடித்துக் காசு வாங்கக்கூட அன்று அவர்களுக்கு அனுமதி இல்லை. 2021 ஜூலையில்தான் அது வந்தது. சம்பளமில்லாமல் ஆடியவன் தன் காலைக் காப்பாற்றிக்கொள்ள நினைத்தால் அதற்குப் பெயர் சுயநலமா?

கோச்சுகளைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. 2009இல் உங்கள் மாநிலத்துச் சின்சினாட்டி பல்கலைக்கழக அணி பன்னிரண்டு ஆட்டங்களையும் ஜெயித்து ஷுகர் பௌலுக்குப் போனது. அதற்கு முன்பே கோச் பிரையன் கெல்லி நோட்ர டேமுக்குப் போய்விட்டார். பையன்கள் ஃப்ளோரிடாவிடம் 51-24 என்று தோற்றார்கள். 2021இல் நோட்ர டேமையும் அப்படியே பௌலுக்கு முன்னால் விட்டுவிட்டு லூயிசியானாவின் எல்.எஸ்.யூ. அணிக்குப் போனார். பெரியவர் போவது பதவி உயர்வு, சின்னவன் ஒதுங்கினால் துரோகம். இந்தக் கணக்கு எந்த ஊர் நியாயம்? உங்களுக்கும் ஒரு மகன் இருந்தால் இப்படி எழுதியிருப்பீர்களா?

சரி, விளம்பரக் கம்பெனிகள். மயோனைஸ் கம்பெனி பெயரில் நடக்கும் ஒரு பௌலில் ஜெயித்த கோச்சின் தலையில் மயோனைஸையே கொட்டுகிறார்கள். கொட்டிவிட்டுப் போகட்டும். ப்ளேஆஃப் 2024 சீசனிலிருந்து பன்னிரண்டு அணிகளுக்கானது. நான் சொல்லாமலே அதைப் பார்த்துவிடுவீர்கள்.

உங்கள் நண்பர் ஒதுக்கும் சின்ன ஆட்டங்கள்தான் எனக்குப் பிடித்தவை. 2014 டிசம்பர் 24, நாசோவில் பஹாமஸ் பௌல். கடைசிக் கால்பகுதியில் சென்ட்ரல் மிச்சிகன் 49-14 என்று பின்தங்கியிருந்தது. டிவியை அணைத்துவிட்டுப் போகிற நேரம். ஆனால் அந்தப் பையன்கள் விடவில்லை. ஏழு புள்ளி வித்தியாசம், கடிகாரத்தில் ஒரு வினாடி, பந்து தங்கள் பக்கம் 25ஆவது கெஜத்தில். கூப்பர் ரஷ் வீசிய நீளமான பந்து கை மாறி, மறுபடி கை மாறி, கடைசியில் டைட்டஸ் டேவிஸ் மூலையில் பாய்ந்து விழ, டச்டவுன், ஆறு புள்ளி! பந்தை உதைத்து ஒரு புள்ளி எடுத்துச் சமன் செய்யாமல், ஜெயிக்கவே இரண்டு புள்ளிக்கு முயன்றார்கள். கிடைக்கவில்லை. 49-48. வெஸ்டர்ன் கென்டக்கி ஜெயித்தது.

நாங்கள் மிச்சிகனில் இருந்தபோது பக்கத்து வீட்டுப் பையன் ஒரு சின்னக் கல்லூரி அணியில் அஃபென்சிவ் லைனில் ஆடினான். எதிராளிகளை மறித்து நிற்கிற, பெரும்பாலும் பந்தைத் தொடாத இடம். அவனுடைய கடைசி பௌல் ஆட்டத்துக்கு அரங்கில் பாதிகூட நிறையவில்லை. அவன் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டிவியில் பார்த்தேன். ஒரு தடவைகூட அவர் பந்தைப் பார்க்கவில்லை. மகனின் முதுகிலிருந்த நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை பந்து கிளம்பும்போதும் அவர் கை என் மணிக்கட்டை இறுக்கும். என்.எஃப்.எல்.லுக்குப் போகமாட்டான் என்று அவனுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். இப்போது ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். அந்த டிசம்பரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரம் பேசுவான்.

தேர்ந்தெடுப்பது கஷ்டமில்லை. ஆட்டத்துக்கு முந்தின நாள் யார் ஒதுங்கினார்கள், யார் வேறு கல்லூரிக்கு மாற டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயர் கொடுத்தார்கள் என்று பாருங்கள். அந்தப் பட்டியல் நீளமாக இருந்தால் விட்டுவிடுங்கள். 2023இல் ஆரஞ்சு பௌலுக்கு ஒரு தோல்விகூட இல்லாமல் வந்த ஃப்ளோரிடா ஸ்டேட், இருபதுக்கும் மேற்பட்ட வீரர்கள் இல்லாமல் ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றது. ரொம்ப வருடம் கழித்து பௌலுக்கு வருகிற அணி இருந்தால் பாருங்கள். ராணுவ, கடற்படைக் கல்லூரிகளின் அணிகளான ஆர்மி, நேவி ஆடினால் கட்டாயம் பாருங்கள். அங்கே பெரும்பாலோருக்கு அடுத்தது ராணுவ வேலைதான், முழங்காலைப் பொத்திவைத்துக் காட்ட டிராஃப்ட் இல்லை.

இந்த டிசம்பரில் ஏதாவது ஒரு வாரநாள் ஆட்டத்தோடு ஆரம்பியுங்கள். முதல் கால்பகுதி முழுக்கப் பந்தை விட்டுவிட்டு லைனில் ஒரே ஒரு பையனை மட்டும் பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.