தோப்பில் கல்யாணமா? முதலில் மோட்டாரை அணையுங்கள்

உடுமலைக்குத் தெற்கே எங்கள் நாலரை ஏக்கர் தென்னந்தோப்பில்தான் இரண்டு மகள்களுக்கும் கல்யாணம் நடத்தினேன் என்று சென்ற இதழின் கேள்வி-பதிலில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்தப் பதில் மாட்டு மடிநோய் பற்றியது. மடிநோயை யாரும் கண்டுகொள்ளவில்லை, வந்த கடிதங்கள் பூராவும் கல்யாணத்தைப் பற்றித்தான். சரி, இந்த இதழ் அதற்கே.

மூன்று ஏக்கர் தோப்பு இருக்கிறது. வைகாசியில் மகளுக்குக் கல்யாணம். மண்டபத்தைவிடத் தோப்பில் செலவு பாதியாகக் குறையும் என்கிறார் என் கணவர். உண்மையா அக்கா?
— வாசகி, தாராபுரம்

குறையாது கண்ணு. மண்டபத்தில் தரை, கூரை, கக்கூஸ், கரண்ட், குழாய்த் தண்ணீர் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. தோப்பில் ஒவ்வொன்றையும் காசு கொடுத்துக் கொண்டுவந்து, மறுநாள் காசு கொடுத்துத் திருப்பி அனுப்பவேண்டும். மூத்தவள் கல்யாணக் கணக்கு நோட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது. அப்போது மண்டபத்தில் மூன்று லட்சம் கேட்டார்கள். எங்களுக்குப் பந்தல், ஜெனரேட்டர், கழிவறை, தண்ணீர் லாரி, வண்டிப்பாதைக்குப் பன்னிரண்டு லோடு கிராவல் என்று 3,40,000 ஆனது. சாப்பாடு இதில் சேராது. அந்தக் கிராவல் ஒன்றுதான் மிச்சம். இன்றைக்கும் தேங்காய் லாரி அதில்தான் வந்து போகிறது.

அப்புறம் ஏன் இளையவளுக்கும் அங்கேயே செய்தாய் என்று கேட்பீர்கள். மண்டபத்தில் பகல் பதினொரு மணிக்கே அடுத்த பார்ட்டிக்காரன் பூக்கூடையோடு வாசலில் வந்து நிற்பான். தோப்பில் என் மாமியார் மத்தியானம் மூன்று மணிவரை கயிற்றுக்கட்டிலில் படுத்தபடியே வந்தவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். ஆசையிருந்தால் செய்யுங்கள். மிச்சம் பிடிப்பதற்காக என்றால் மண்டபத்துக்கே அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள்.

எவ்வளவு நாள் முன்னால் வேலையைத் தொடங்கவேண்டும்? பந்தல்காரர் இரண்டு நாள் போதும் என்கிறார்.
— வாசகர், ஆனைமலை

அவருக்கு இரண்டு நாள் போதும். உங்கள் தோப்புக்கு நாலு மாதம் வேண்டும்.

முதலில் வெள்ளை ஈ. ஆனைமலைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்ட அந்தச் சுருள் வெள்ளை ஈ உங்கள் மரத்திலும் இருக்கும். ஓலையின் அடிப்பக்கம் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சி, பாகு மாதிரிப் பிசுபிசுப்பாகக் கழிக்கிறது. அது கீழே சொட்டும். சொட்டின இடத்தில் கரிப்பொடி அப்பினாற்போலக் கரும்பூஞ்சணம் படரும். கோடையில்தான் இதன் ஆட்டம் அதிகம். மூத்தவள் கல்யாணத்தில் இது எங்களுக்குக் கிடையாது. இளையவளுக்குச் செய்தபோது வாடகை நாற்காலியை முதல் நாள் சாயங்காலமே வரிசையாகப் போட்டோம். காலையில் போய் ஒன்றில் கை வைத்தால் விரல் ஒட்டிக்கொண்டு வருகிறது. விடிவதற்குள் முந்நூறு நாற்காலியையும் ஈரத்துணியால் துடைத்து, தலைக்கு மேலே துணி கட்டி, ஒரு வழியாகச் சமாளித்தோம். சம்பந்தியம்மாவின் வெங்காயக் கலர்ப் பட்டின் முதுகில் இருக்கும் கரும்புள்ளிகளுக்கு நான்தான் காரணம் என்று அவர்கள் இன்றும் நினைக்கிறார்கள். நினைக்கட்டும்.

ஆகவே மாசியிலேயே மஞ்சள் ஒட்டுப்பொறிகளைக் கட்டுங்கள். விசைத்தெளிப்பானில் வெறும் தண்ணீரை ஓலையின் அடியில் படும்படி வேகமாக அடியுங்கள். கரும்பூஞ்சணத்துக்கு மைதாக் கஞ்சி, லிட்டருக்கு 25 கிராம். வெயிலில் காய்ந்து பூஞ்சணத்தையும் பெயர்த்துக்கொண்டு பொருக்காக உதிரும். அவசரப்பட்டுப் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். வெள்ளை ஈயைத் தின்கிற என்கார்சியாக் குளவியும் சேர்ந்து சாகும்.

அடுத்தது காய். 45 நாளைக்கு ஒரு தரம் போடுகிற தோப்பு என்றால் கணக்கைத் திருப்பி, முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்னால் வெட்டு வருகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மரம் ஏறுகிறவரிடம் காயை மட்டும் சொன்னால் காயை மட்டும்தான் போடுவார். தொங்குகிற மட்டை, காய்ந்த பாளை, பன்னாடை எல்லாம் இறங்கவேண்டும் என்று சொல்லி, கீழே நின்று பாருங்கள். பந்தலுக்கு மேலே வரும் மரங்களில் இளநீரையும் இறக்கிவிடுங்கள், வருகிறவர்களுக்குக் கொடுக்க ஆகும். ஏறியவரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: கொண்டையில் கதண்டுக் குளவிக் கூடு ஏதும் கண்ணில் பட்டதா? இருந்தால் தீயணைப்புத் துறையில் சொல்லி எடுத்துவிடுங்கள். ஓமப் புகை மேலே போனதும் அது கீழே வரும்.

கடைசியாகத் தண்ணீர். முகூர்த்தத்துக்கு எட்டு நாள் முன்னால் வயிறு முட்டப் பாய்ச்சிவிட்டு நிறுத்துங்கள். மரம் தாங்கும். தரை இறுகினால்தான் மேசை ஆடாமல் நிற்கும். சொட்டுநீர்க் குழாய்களைச் சுருட்டி மரத்தடியில் வைத்துவிடுங்கள். வட்டப்பாத்தி வரப்புகளைத் தட்டிச் சமமாக்குங்கள். இருட்டில் கிழவிகள் தடுக்கி விழுவது அங்கேதான்.

கார் நிறுத்தப் பக்கத்துக் காட்டுக்காரர் ஒரு ஏக்கர் தருகிறார். எத்தனை கார் நிற்கும்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், பழனி

வாத்தியார் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். ஏக்கர் 43,560 சதுர அடி. ஒரு காருக்கு நிற்க, திரும்ப, கதவைத் திறக்க 300 சதுர அடி. வகுத்தால் 145. நம் சனம் வண்டி நிறுத்துகிற லட்சணத்துக்கு எண்பது என்று வையுங்கள். கைகாட்டிவிட டார்ச்லைட்டோடு இரண்டு பையன்களைப் போடுங்கள், அவர்களுக்கு முதல் பந்தியிலேயே சாப்பாடு.

எண்ணிக்கையைவிட எனக்குப் பயம் வேறு. மூத்தவள் கல்யாணத்துக்குக் கொழுந்தனார் காட்டை வாங்கினோம். வெறும் உழவுக்காடு, காய்ந்து கல் மாதிரி கிடந்தது. முதல் நாள் சாயங்காலம் நானே நடந்து பார்த்து, சுண்ணாம்பில் கோடும் போட வைத்தேன். கிணற்று மோட்டாரை மட்டும் யாரும் நினைக்கவில்லை. ஆட்டோ ஸ்விட்ச் போட்டபடியே கிடந்திருக்கிறது. எங்கள் லைனில் அப்போது த்ரீ ஃபேஸ் ராத்திரியில்தான் வரும். ஒன்றரை மணிக்குக் கரண்ட் வந்தது, மோட்டார் தானாக எடுத்தது, வாய்க்கால் மடையும் அந்தக் காட்டுப் பக்கமே திறந்திருந்தது. மூன்று மணிக்கு மாப்பிள்ளை வீட்டு வேன் உள்ளே இறங்கி, அச்சுவரை சேற்றில் உட்கார்ந்துவிட்டது. உள்ளே இருபத்திரண்டு பேர், பட்டும் வெள்ளை வேட்டியும். டிராக்டரில் சங்கிலி போட்டு இழுத்தோம். மாப்பிள்ளையின் பெரியப்பா முழங்கால் வரை சேறோடு வந்து நின்று, "நடவு எப்பம்மா?" என்று கேட்டார். அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு மூச்சு வந்தது.

உங்கள் மோட்டார், பக்கத்துக் காட்டு மோட்டார், இரண்டிலும் ஃப்யூஸையே பிடுங்கி மடியில் கட்டிக்கொள்ளுங்கள். வாய்க்கால் பாசனமாக இருந்தால் அந்த இரண்டு நாளும் முறைத் தண்ணீர் யாருக்கு என்று கேட்டுவிடுங்கள்.

தோட்டத்து இலவச மின்சாரத்தில் சீரியல் லைட் போட்டுக்கொள்ளலாமா? ஒரு ராத்திரிதானே?
— வாசகர், காங்கேயம்

கூடாது. அது பாசனத்துக்குக் கொடுத்தது, பிடித்தால் அபராதம். மின்வாரியத்தில் தற்காலிக இணைப்புக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள், இல்லையென்றால் ஜெனரேட்டர். அதையும் சமையல் கொட்டகையையும் பந்தலுக்குக் கிழக்கே வையுங்கள். வைகாசியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேற்குக் காற்று புகையையும் பொறியையும் பந்தலுக்கு அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போகும்.

பந்தலில் வெள்ளை வெளிச்சம் குறைவாக இருக்கட்டும், மஞ்சள் பல்பு போதும். ஒரே ஒரு பெரிய வெள்ளை விளக்கைத் தூரத்தில், எருக்குழிப் பக்கம் எரியவிடுங்கள். காண்டாமிருக வண்டும், மழை பெய்தால் ஈசலும் அங்கே போகும். ரசத்தில் விழாது.

கத்திரி வெயிலில் பந்தல் தாங்குமா? தகரக் கொட்டகை போட்டால் மழைக்கும் ஆகுமே?
— வாசகி, ஒட்டன்சத்திரம்

தகரத்துக்கு அடியில் பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? மணப்பெண்ணின் பொட்டு வழிந்து மூக்குக்கு வந்துவிடும். தென்னங்கீற்றுதான் குளிர்ச்சி. மழைக்கு அதன் மேல் தார்ப்பாயைச் சுருட்டித் தயாராகக் கட்டிவைக்கச் சொல்லுங்கள். கோடை மழை இங்கே சாயங்காலம்தான் காற்றும் இடியுமாக வரும். அக்னி நட்சத்திரம் வைகாசி பாதிவரை இருக்கிறது. அதனால் முகூர்த்தம் காலை ஆறிலிருந்து ஏழரைக்குள், கடைசிப் பந்தி பதினொன்றுக்குள். சாயங்கால வரவேற்பை ஊருக்குள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இடி இடிக்கும்போது அறுநூறு பேரோடு தென்னைமரத்தடியில் நிற்கிற வேலை வேண்டாம்.

மைக் விஷயம் ஒன்று: இரவு பத்திலிருந்து காலை ஆறு மணிவரை ஒலிபெருக்கி கூடாது. நாலரை முகூர்த்தம்தான் என்று ஜோசியர் பிடிவாதம் பிடித்தால் நாதஸ்வரம் மைக் இல்லாமல் ஒலிக்கட்டும். தோப்புக்குள் அது கேட்கிற அழகே தனி.

மண்டபமும் இல்லை, கோயிலும் இல்லை, ஐயரும் வேண்டாம் என்கிறான் மகன். தோப்பில் நடந்த கல்யாணத்தைப் பதிய முடியுமா?
— தந்தை ஒருவர், பல்லடம்

தாராளமாக. 1967-இல் அண்ணா கொண்டுவந்த திருத்தத்தின்படி உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ இந்துத் திருமணம் செல்லும். எந்த இடம் என்பதில் சிக்கல் இல்லை. 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயம். 90 நாளுக்குள் போய்விடுங்கள், தவறினால் அடுத்த 60 நாளுக்குள் கூடுதல் கட்டணம் கட்டவேண்டும். தோப்புக்குக் கதவு எண் கிடையாது. ஆகவே பத்திரிகையில் "எங்கள் தோட்டத்தில்" என்று மட்டும் அடிக்காமல் கிராமம், வட்டம், மாவட்டம் எல்லாம் போட்டு, பத்துப் பத்திரிகையைப் பத்திரமாக எடுத்துவையுங்கள். மகனுடைய கொள்கைக்கு என் வாழ்த்து. பாட்டிமார் கடைசி நேரத்தில் தேங்காய் உடைத்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சென்னையில் வேலை செய்கிறேன். தாத்தா தோட்டத்தில் கிராமத்து பாணியில் கல்யாணம் செய்ய ஆசை. வைக்கோல் கட்டுகளையே இருக்கையாகப் போடலாம் என்கிறார் அலங்காரக்காரர். உங்கள் கருத்து?
— இளைஞர், சென்னை

அந்த அலங்காரக்காரரைக் காட்டன் வேட்டி கட்டிக்கொண்டு அதில் அரை மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். எழுந்ததும் எங்கெங்கே சொறிகிறார் என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். வைக்கோல் மாட்டுக்கு, அதுவும் கோடையில் விற்கிற விலைக்கு. கயிற்றுக்கட்டில் நாலு வாடகைக்கு எடுங்கள், பெரியவர்கள் சாய்ந்துகொள்வார்கள்.

அலங்காரத்துக்குச் செலவழிக்கிற காசைக் கழிவறைக்குக் கொடுங்கள். "தோட்டம்தானே, ஒதுங்கிக்கொள்ளலாம்" என்று சொல்கிறவர்கள் எல்லோரும் ஆண்கள். பெண்களுக்கு எண்பது பேருக்கு ஒன்றாவது வேண்டும். நடமாடும் கழிவறை வாடகைக்குக் கிடைக்கிறது. முட்டிவலிக்காரர்களுக்கு உட்காருகிற மாதிரி இரண்டு, வழி நெடுக விளக்கு, கூடவே தண்ணீர் நிரப்பிக்கொண்டே இருக்க ஓர் ஆள். எங்கள் வீட்டுக் கல்யாணத்தைப் பற்றி என் நாத்தனார் சொன்ன ஒரே பாராட்டு இதற்குத்தான்.

கல்யாணம் முடிந்தபின் தோப்பை எப்படிச் சுத்தம் செய்தீர்கள்?
— வாசகி, மடத்துக்குளம்

வாழையிலையெல்லாம் எருக்குழிக்குப் போனது. பிளாஸ்டிக் பூசின கப்பும், மேசைமேல் விரிக்கிற பிளாஸ்டிக் தாளும் 2019 சனவரியிலிருந்தே தமிழ்நாட்டில் தடை. கேட்டரிங்காரர் கொண்டுவந்தால் லாரியிலேயே திருப்பி அனுப்புங்கள். மாடு மேய்கிற இடம். வடித்த கஞ்சியைச் சூட்டோடு மரத்தடியில் கொட்டுகிற பழக்கம் சமையல்காரர்களுக்கு உண்டு. தனியாகக் குழி வெட்டிக் காட்டிவிடுங்கள். லாரி ஏறி இறுகின தரையை, அடுத்த மழை விழுந்ததும், மரத்துக்கு ஆறடி விட்டு மேலாக ஒரு உழவு ஓட்டினோம்.

மேடையில் தூவின ஜிகினாத் தாளை மட்டும் பொறுக்க முடியவில்லை. இளையவளுக்கு இப்போது பையன் நடக்கிறான். போன வாரம் தோப்பில் மண்ணைக் கிளறிவிட்டு வந்தவன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். தங்கக் கலரில் இரண்டு துண்டு.