அடுத்து எங்கே குடியேறுவது? வீட்டில் மெதுவாக நடப்பவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்

"வேலையை எங்கிருந்தும் செய்யலாம். அடுத்து எங்கே குடும்பத்தோடு குடியேறுவது என்று முடிவெடுக்க மூன்று நகரங்களுக்குப் போய்ப் பார்க்கப் போகிறேன். அங்கே எதைக் கவனிக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். வந்திருக்கும் பதில்களில் இணைய வேகம், வாடகை, வார இறுதியில் போய்வர இடங்கள், இவைதான் இருக்கின்றன. தனியாளுக்கு அது போதும். நீங்கள் "குடும்பத்தோடு" என்று எழுதியிருப்பதால், வீட்டில் வயதானவரோ கைக்குழந்தையோ இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது இதுதான்: உங்கள் வீட்டில் யார் ரொம்ப மெதுவாக நடப்பாரோ, அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவரால் தனியாக வெளியே போய்த் தனியாகத் திரும்பிவர முடிகிறதா என்று பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

என் அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. முழங்கால் வலி, பனிக்காலம் வந்தால் இழுப்பு. நாங்கள் ஊர் மாற முடிவு செய்தபோது, அவரைச் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு நானும் மனைவியும் மட்டும் போய்ப் பார்த்து வந்தால் போதும் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பகல் முழுக்க அந்த ஊரில் இருக்கப்போகிறவர் அவர். அவர் பார்க்காத ஊருக்கு அவரை எப்படிக் கொண்டுபோய் வைப்பது?

முதலில் போனது ஓர் ஏரிக்கரை நகரம். படத்தில் பார்த்தே மனைவிக்குப் பிடித்துப்போன ஊர். ஏரி நிஜமாகவே அழகுதான், குறை சொல்ல மாட்டேன். சுற்றுலாப் பயணிகள் தங்கும் பக்கம் நாங்கள் போகவில்லை. குடிவந்தால் எங்களால் வாடகை கொடுக்க முடிகிற புறநகர்த் தெருவிலேயே ஓர் அறை எடுத்தோம். மருந்துக்கடை நடக்கிற தூரம்தான். நடுவில் ஒரே ஒரு அகலமான சாலை.

மருந்து வாங்கிவருகிறேன் என்று அம்மா கிளம்பினார். நான் கொஞ்சம் பின்னாலேயே போனேன். பச்சை விழுந்ததும் சாலையில் இறங்கினார். பாதிக்கு மேல் போயிருப்பார், விளக்கு மாறிவிட்டது. காத்திருந்த லாரி உறுமிக்கொண்டு நகர ஆரம்பித்தது. அம்மா அப்படியே நின்றுவிட்டார். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஓட்டுநரைப் பார்த்து ஒரு கையை மட்டும் உயர்த்தினார். நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்து அந்தப் பக்கம் சேர்த்தேன். ராத்திரி மாத்திரை போடும்போது, "இனிமே நீயே வாங்கிட்டு வந்துடுப்பா" என்றார். அந்த ஊரை விட்டுக் கிளம்பும்வரை அவர் தனியாக வாசல்படி இறங்கவில்லை.

வயதானால் அப்படித்தான், அதற்கு ஊர் என்ன செய்யும் என்று எழுத வருகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். பல நாடுகளில் நெடுங்காலமாக, ஓர் ஆள் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்தே சாலை கடக்கும் நேரத்தைக் குறித்து வந்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 65 வயதைத் தாண்டியவர்களின் நடையை அளந்து 2012இல் ஓர் ஆய்வு வந்தது. ஆண்களின் சராசரி நொடிக்கு 0.9 மீட்டர், பெண்களுக்கு 0.8. அதாவது 12 மீட்டர் அகலச் சாலைக்கு 10 நொடி கொடுத்தால், என் அம்மா வயதுப் பெண் அதற்குள் 8 மீட்டர்தான் போயிருப்பார். மீதி 4 மீட்டர் வண்டிகளுக்கு நடுவில். அமெரிக்காவில் 2009இல் அந்த வேகத்தை ஏறக்குறைய 1.07 மீட்டராகக் குறைத்தார்கள். கொஞ்சமாவது நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே அம்மா அங்கே நின்றுபோனதற்கு அவர் முழங்காலை மட்டும் காரணம் சொல்லாதீர்கள்.

அடுத்துப் போன நகரத்தில் ஏரியும் இல்லை, மலையும் இல்லை. படம் எடுக்க ஒன்றும் கிடையாது. ஆனால் அகலமான சாலைகளின் நடுவே, நாலு பேர் நிற்கிற மாதிரி திட்டு கட்டியிருந்தார்கள். அம்மா பாதி கடந்து திட்டில் ஏறி நிற்பார், மூச்சு வாங்கிக்கொள்வார், அடுத்த பச்சைக்கு மீதியைக் கடப்பார். பேருந்து நிறுத்தத்தில் முதுகு சாய்க்கிற பெஞ்ச் இருந்தது. போன சில நாட்களிலேயே நூலகத்தைத் தானாகக் கண்டுபிடித்து, அங்கே வருகிற ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியையோடு சிநேகமாகிவிட்டார். இப்போது நாங்கள் இருப்பது அந்த ஊரில்தான்.

ஏரியை விட்டுவிட்டீர்களே என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். உளவியலாளர்கள் டேனியல் கானமன், டேவிட் ஷ்கேட் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதி மாணவர்களும் கலிபோர்னியா மாணவர்களும், கலிபோர்னியாவில் இருப்பவர்கள்தான் அதிகத் திருப்தியோடு இருப்பார்கள் என்று நினைத்தார்கள். அவரவர் வாழ்க்கையைப் பற்றித் தனியாகக் கேட்டபோது, இரண்டு பக்கமும் திருப்தி ஒரே அளவுதான். ஓர் ஊரை இன்னொன்றோடு ஒப்பிடும்போது வெயிலும் கடலும்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. அங்கே போய் வாழும்போது யாரும் நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருப்பதில்லை. ஏரிக்கரை ஊரில் முதல் வாரம் முடிவதற்குள் என் மனைவியே ஏரிப் பக்கம் போவதை நிறுத்திவிட்டாள்.

இதெல்லாம் வசதி உள்ளவனுக்குத்தான் என்று ஒருவர் கட்டாயம் எழுதுவார். நாங்கள் வசதிக்காரர்கள் இல்லை. ஓட்டலில் தங்கவில்லை, சமைத்துச் சாப்பிட்டோம், வேலை நேரத்தில் வேலை பார்த்தோம். ஒத்துவராத ஊரில் வீடு பிடித்து, சாமான் ஏற்றி இறக்கி, ஒரு வருடத்தில் காலி செய்தால் ஆகும் செலவையும் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள்.



சரி, உங்கள் மூன்று ஊர்களுக்கு வருவோம். எல்லா ஊருக்கும் ஒரு நல்ல மாதம் உண்டு, பயணிகள் போவது அப்போதுதான். நீங்கள் அப்போது போகாதீர்கள். குளிர்காலத்தில் தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்றும் அதற்கு மேல் வெதுவெதுப்பான காற்றும் படிந்துவிட்டால், புகை மேலே போக வழியில்லாமல் தெருவிலேயே தங்கிவிடும். கோடையில் போய்ப் பார்த்தவருக்கு இது தெரியவே தெரியாது. உலக சுகாதார நிறுவனம், காற்றில் கலந்து மூச்சோடு உள்ளே போகிற நுண்துகளுக்கான (PM2.5) ஆண்டு வரம்பைக் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 2021இல் 5 ஆகக் குறைத்திருக்கிறது. அந்த ஊர்களின் அளவீடுகளை மாதவாரியாக எடுத்து அதோடு வைத்துப் பாருங்கள், ஆண்டுச் சராசரியோடு நிறுத்தாதீர்கள். வீட்டில் இழுப்புக்காரர் இருந்தால் இதை விட்டுவிடவே கூடாது. அங்கே இருப்பவர்களிடம் எந்த மாதம் ரொம்ப மோசம் என்று கேளுங்கள். அந்த மாதத்துக்கே அறை எடுங்கள்.