சதுரம் ஏன் முக்கோணமாகிறது? – கடிதம்

வணக்கம் சார்,

கொக்கி ஊசியால் நூலில் பின்னுகிற குரோஷே பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் கேட்கிறேன். வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்கிறேன். கண்ணிக்குள் கண்ணியாகச் சங்கிலி போலப் போகிற செயின் வந்துவிட்டது. சிங்கிள், டபுள் என்கிற பின்னல் இரண்டும் தனித்தனியாகப் போடத் தெரிகிறது. ஆனால் சதுரமாக ஒரு துண்டு பின்னலாம் என்று உட்கார்ந்தால் நாலைந்து வரிசைக்குள் இரண்டு ஓரமும் உள்ளே போய் முக்கோணமாகிவிடுகிறது. முதல் வரிசையில் ஊசி நுழையவே மாட்டேன் என்கிறது, அவ்வளவு இறுக்கம். கறுப்பு உல்லன் நூல் வாங்கினேன், பிரித்துப் பிரித்துப் போட்டதில் அது பஞ்சாகிவிட்டது. கை பழகினால் சரியாகிவிடும் என்கிறார்கள், எனக்குக் கையே வராது என்று தோன்றுகிறது. இன்னொன்று, நான் இடது கைக்காரி. வலது கையால்தான் பழக வேண்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தாராளமாகக் கேட்கலாம். இங்கே வருகிற மற்ற கேள்விகளைவிட இதற்குப் பதில் சொல்வது சுலபம், ஏனென்றால் இதற்குச் சரியான பதில் என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது.

உங்களுக்குக் கை வந்துவிட்டது. செயினும் சிங்கிளும் டபுளும் போடுகிற கைக்கு இனிமேல் புதிதாகத் தெரிய வேண்டியது ரொம்பக் கொஞ்சம். அடிப்படைப் பின்னல் எல்லாமே நூலைக் கொக்கியில் மாட்டி ஒரு கண்ணி வழியாக இழுக்கிற ஒரே வேலைதான். நேராகக் கொக்கியை நுழைத்து, ஒரு கண்ணியை இழுத்து, ஊசியில் இருக்கும் இரண்டையும் ஒன்றாக முடித்தால் சிங்கிள். நுழைக்கும் முன்பே நூலை ஒரு சுற்று சுற்றிக்கொண்டால் ஊசியில் மூன்று கண்ணி சேரும். அந்த மூன்றையும் ஒரே இழுப்பில் முடித்தால் ஹாஃப் டபுள், இரண்டிரண்டாக முடித்தால் டபுள். முன்பே இரண்டு சுற்று சுற்றிக்கொண்டால் ட்ரெபிள். இத்தனைதான். கைக்கு இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, உங்களுக்கு இன்னும் பழகாதது கண். எங்கே நுழைப்பது என்று கண்ணுக்குத் தெரியாதவரை கை எத்தனை பழகினாலும் முக்கோணம்தான் வரும், கொஞ்சம் வேகமாக வரும், அவ்வளவுதான்.

பின்னி முடித்த ஒரு வரிசையை மேலேயிருந்து பாருங்கள். ஒவ்வொரு பின்னலின் தலையிலும் 'வி' வடிவத்தில் இரண்டு இழை படுத்திருக்கும். ஒரு 'வி' என்றால் ஒரு பின்னல். அடுத்த வரிசைக்குக் கொக்கியை அந்த இரண்டு இழைக்கும் அடியில் விட வேண்டும். ஒரு இழையை மட்டும் பிடித்தாலும் பின்னல் விழும், ஆனால் துண்டில் வரப்பு மாதிரி கோடு ஓடும். வேண்டுமென்றே அப்படிச் செய்கிற டிசைன்களும் உண்டு என்பதால் அது தவறு இல்லை. ஒரு வரிசையில் ஒன்றும் அடுத்ததில் இரண்டுமாகத் தெரியாமல் மாறி மாறிப் போவதுதான் சிக்கல்.

சரி, முக்கோணம். வரிசை முடிந்து துண்டைத் திருப்பும்போது அடுத்த வரிசையின் உயரத்துக்கு ஊசி ஏற வேண்டும், அதற்காகச் செயின் போடுகிறோம்: சிங்கிளுக்கு 1, ஹாஃப் டபுளுக்கு 2, டபுளுக்கு 3, ட்ரெபிளுக்கு 4. இதை எல்லா வீடியோவிலும் சொல்லிவிடுகிறார்கள். அந்தச் செயினை ஒரு பின்னலாகக் கணக்கில் சேர்க்க வேண்டுமா வேண்டாமா என்பதைத்தான் பலர் சொல்லாமலே தாண்டிப் போய்விடுகிறார்கள், உங்கள் முக்கோணம் அங்கேதான் பிறக்கிறது. சிங்கிளில் அந்த ஒற்றைச் செயின் பொதுவாகக் கணக்கில் வராது. அதனால் செயினுக்கு நேர் கீழே இருக்கும் முதல் 'வி'யிலேயே முதல் சிங்கிளைப் போட வேண்டும். டபுளில் 3 செயினும் சேர்ந்து பெரும்பாலும் ஒரு டபுளாகக் கணக்காகும். அப்போது கீழே இருக்கும் 'வி' ஏற்கெனவே நிரம்பிவிட்டது, அதை விட்டுவிட்டு அடுத்ததில் தொடங்க வேண்டும். டபுளின் பழக்கத்தில் சிங்கிளிலும் முதல் 'வி'யைத் தாண்டினால் வரிசைக்கு ஒன்று குறையும். டபுளில் இழப்பு கடைசியில் நடக்கும்: வரிசையின் கடைசி டபுளை முந்தைய வரிசையின் 3 செயினுடைய தலையில் போட வேண்டும், ஆனால் அது 'வி' போலவே இருக்காது, ஓரத்தில் சும்மா ஒரு கயிறு தொங்குவது போல ஒட்டிக்கொண்டிருக்கும், யாருக்கும் அதில் நுழைக்கத் தோன்றாது. 15 பின்னலில் தொடங்கியவருக்கு அடுத்த 5 வரிசையில் 10தான் மிஞ்சும். ஒரு வரிசையில் இந்தப் பக்கம் குறைந்தால் திருப்பிய பிறகு அந்தப் பக்கம் குறையும், அதனால்தான் உங்களுக்கு இரண்டு ஓரமும் சமமாக உள்ளே போகிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. டபுளில் கீழே நிரம்பிய 'வி'யிலும் ஒன்று போட்டுவிட்டு, கடைசியில் செயின் தலையையும் விட்டுவிட்டால், கூடியதும் குறைந்ததும் கழிந்து எண்ணிக்கை சரியாகவே வரும். ஓரம் மட்டும் அலை அலையாக நெளியும். எண்ணிப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் உண்டு.

மருந்து ஒரு ஊக்கு. ஒவ்வொரு வரிசையிலும் முதல் பின்னலைப் போட்ட கையோடு அதன் தலையில் ஊக்கை மாட்டிவிடுங்கள். டபுள் என்றால் மூன்றாவது செயினில் மாட்டுங்கள். திரும்பி வரும்போது கடைசிப் பின்னல் ஊக்கு இருக்கும் இடத்தில்தான். அதோடு வரிசைக்கு ஒருமுறை எண்ணுங்கள். எண்ணும்போது ஊசியில் உயிரோடு இருக்கிற கண்ணி கணக்கில் கிடையாது, தொடக்கத்துச் சுருக்கு முடிச்சும் கிடையாது. 15 சிங்கிள் வேண்டுமென்றால் 16 செயின் போட்டு ஊசியிலிருந்து இரண்டாவது செயினில் தொடங்க வேண்டும். 15 டபுளுக்கு 17 செயின் போட்டு நாலாவதில்.

எண்ணிக்கைக்கு இவ்வளவு முக்கியத்துவமா என்று தோன்றலாம். குரோஷேயில் வடிவம் என்பதே எண்ணிக்கைதான். வட்டமாக சிங்கிள் பின்னுகிறவர்கள் 6இல் தொடங்கிச் சுற்றுக்கு 6 கூட்டிக்கொண்டே போனால் தட்டையாக வரும், குறைவாகக் கூட்டினால் கிண்ணமாகும், அதிகமாகக் கூட்டினால் ஓரம் சுருள் சுருளாக எழும்பும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமிஞா என்ற கணிதப் பேராசிரியர் 1997இல் இந்தச் சுருளைத்தான் பிடித்துக்கொண்டார். ஹைப்பர்போலிக் தளம் என்கிற, எங்கும் குதிரைச் சேணம் போல வளைந்த வடிவத்தை மாணவர்களுக்குக் காட்டக் காகிதத்தில் செய்த மாதிரிகள் சட்டென்று கிழிந்துபோயின. குறிப்பிட்ட விகிதத்தில் பின்னலைக் கூட்டிக்கொண்டே போய் அவர் அதை நூலில் பின்னிவிட்டார், கையில் எடுத்து மடக்கிப் பார்க்கலாம். ஆக உங்கள் முக்கோணமும் கணக்குப்படிதான் வந்திருக்கிறது.

இறுக்கம். கொக்கிக்குப் பின்னால் ஊசி கொஞ்சம் ஒடுங்கிக் கழுத்து போல இருக்கும், அதற்கும் பின்னால்தான் முழுப் பருமனான தண்டு. 4 மி.மீ., 5 மி.மீ. என்று ஊசியில் எழுதியிருப்பது அந்தத் தண்டின் அளவு. புதிதாகப் போடுகிறவர்கள் கண்ணியைக் கழுத்திலேயே வைத்து நூலைச் சுண்டி இழுத்துவிடுவார்கள், அப்போது 5 மி.மீ. ஊசியிலும் 3 மி.மீ. கண்ணிதான் விழும், அதே ஊசி அதில் எப்படி நுழையும்? கண்ணியைத் தண்டுக்குத் தள்ளிய பிறகு அடுத்த இழுப்பு. அப்படியும் இறுகினால் முதல் செயின் வரிசையை மட்டும் ஒரு அளவு பெரிய ஊசியில் போட்டுவிட்டு உங்கள் ஊசிக்குத் திரும்புங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை, நன்றாகப் பின்னுகிறவர்களும் செய்வதுதான்.

அந்தக் கறுப்பு நூலை எடுத்து வையுங்கள். கறுப்பில் 'வி' தெரியாது, வெளிச்சத்தில் வைத்துத் தேடினாலும் தெரியாது. ரோமம் ரோமமாக இருக்கிற நூலும் இப்போது வேண்டாம், லேஸ் பின்னுகிற மெல்லிய நூலும் வேண்டாம். வெளிர் நிறம், வழுவழுப்பு, நடுத்தரப் பருமன், 5 மி.மீ. ஊசி. இதில் 15 சிங்கிள் போட்டுப் பத்து வரிசை, பிரித்துவிட்டு அதே நூலில் டபுள் பத்து வரிசை. பிரிப்பதைத் தண்டனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குரோஷேயில் ஊசியில் காத்திருப்பது ஒரே ஒரு கண்ணி என்பதால் எந்த இடம்வரை வேண்டுமோ அதுவரை பிரித்துவிட்டு அங்கிருந்து பிடிக்கலாம், இரண்டு ஊசிப் பின்னலில் வரிசை முழுக்கக் கண்ணிகள் திறந்து நிற்பது போல இதில் பயம் இல்லை. மெதுவாகப் பிரித்துக்கொண்டே பார்த்தால் ஒவ்வொரு பின்னலும் எந்த 'வி'யில் நின்றது என்பதும் தெரியும்.

நடுவிலிருந்து சுற்றுச் சுற்றாகப் பின்னுகிற கிரானி ஸ்கொயர் என்ற சதுரத்தில் தொடங்குங்கள் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். சீக்கிரம் அழகாக வரும், உண்மைதான். ஆனால் அதில் பெரும்பாலும் பின்னல்களுக்கு நடுவே இருக்கிற இடைவெளியில்தான் கொக்கியை விடுகிறோம், 'வி'யைத் தேடவே வேண்டாம். உற்சாகத்துக்கு ஒன்று பின்னுங்கள், ஆனால் இந்தச் சிக்கலை அது தீர்க்காது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அடுத்த கடிதம் அதைப் பற்றித்தான் வரும். அமெரிக்கர்கள் சிங்கிள் என்பதைப் பிரிட்டிஷ்காரர்கள் டபுள் என்பார்கள், அமெரிக்க டபுள் அங்கே ட்ரெபிள். பேட்டர்னில், அதாவது பின்னும் முறையை எழுதிய குறிப்பில், சிங்கிள் என்று எங்காவது இருந்தால் அது அமெரிக்க முறை, பிரிட்டிஷ் முறையில் அப்படி ஒரு பின்னலே கிடையாது. குறியீட்டுப் படமாகக் கிடைத்தால் இந்தத் தொல்லை இல்லை: கூட்டல் குறியோ பெருக்கல் குறியோ இருந்தால் நீங்கள் போடுகிற சிங்கிள், தண்டில் ஒரு குறுக்குக் கோடு போட்ட 'டி' உங்கள் டபுள், கோடு இல்லாத 'டி' ஹாஃப் டபுள்.

இடது கை. வலது கைக்கு மாற வேண்டாம், தேவையே இல்லை. ஊசி இடது கையில், நூல் வலது கையில். வலது கைக்காரர்களுக்கு வரிசை வலமிருந்து இடம் போகும், உங்களுக்கு இடமிருந்து வலம். சாதாரணச் சதுரத்துக்கு வேறு எந்த வித்தியாசமும் இல்லை. எழுத்து, படம், உருவம் வருகிற டிசைன்கள் மட்டும் கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பி விழும், அவற்றின் வரிசைகளை எதிர்ப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். வீடியோவை இடவலம் மாற்றிப் பார்க்க வழி இருந்தால் அப்படிப் பாருங்கள். ஊசியைப் பென்சில் மாதிரி பிடிப்பதா கத்தி மாதிரி பிடிப்பதா என்று இணையத்தில் ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கும், அதில் சேராதீர்கள், மணிக்கட்டு வலிக்காத பிடி எதுவோ அது.

ஊக்கு மாட்டியும் ஓரம் உள்ளே போனால், பிரிக்கும் முன் அந்தத் துண்டைப் படமெடுத்து அனுப்புங்கள், இரண்டு ஓரமும் தெளிவாகத் தெரியட்டும். கறுப்பில் வேண்டாம்.